நண்டுக்காரன் வீட்டில் ஆமைக்குச் சளி

ஓடு உள்ள பிராணியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருபத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் உயிர்நண்டு வியாபாரம் செய்கிறவன் நான். காத்திவாக்கம் உப்பங்கழியில் பிடித்த நண்டு காலையில் என் கைக்கு வந்தால், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அது கண்ணை உருட்டிக்கொண்டுதான் இருக்கும். அதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. காலைக் கட்டு, நிழலில் வை, மேலே ஈரச் சாக்கைப் போடு, சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளி. சூடு பட்டால் நண்டு செத்துவிடும், செத்த நண்டு நாறும், நாறின நண்டை வாங்கினவன் பேசும் பேச்சு அதைவிட நாறும். இந்த ஒரு பாடத்தை வைத்தே திருவொற்றியூரில் வீடு கட்டிவிட்டேன். ஆகவே போன வருடம் ஐப்பசி மழையில் என் தங்கை ஓர் ஆமையைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கியபோது, எனக்குள் இருந்த நிபுணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

தங்கை என் வாசலுக்கு வந்ததே பெரிய செய்தி. நாங்கள் பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவள் மகளுக்கு நான்கு வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அதற்காகத்தான் தாய்மாமன் என்று ஒருவனை உலகத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பார்த்து எண்ணூரிலிருந்து வர வேண்டிய லோடு தாமதமாக வந்தது. நண்டை அப்படியே போட்டுவிட்டு வர முடியுமா? கை கால் கழுவி, நாற்றம் போக இரண்டு தடவை சோப்புப் போட்டு, சீர்த்தட்டோடு நான் போய்ச் சேர்ந்தபோது, நல்ல நேரம் முடிகிறது என்று வேறு யாரோ ஒருவர் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தது, நான் கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் குழந்தைதான் முதலில் நிறுத்தியது. நான் சீர்த்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தட்டில் இருந்த வாழைப்பழத்தை மூன்று நாள் நானே தின்றேன்.

அதற்குப் பிறகு அவளும் வரவில்லை, நானும் போகவில்லை. அவள் இருக்கும் மணலிக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்தான். ரோஷம் வந்துவிட்டால் அது வெளிநாடு ஆகிவிடுகிறது.

இப்போது அவள் வந்ததற்குக் காரணம் ஒரு பழமொழி. அவர்கள் இருந்த ஃபிளாட்டில் மேல்மாடியிலிருந்து தண்ணீர் கசிந்து கூரை பெயர்ந்துவிட்டது. ரிப்பேர் முடிகிற வரை பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வீடு பார்த்தார்கள். வீட்டுக்காரர் நல்லவர். நாய் இருந்தால் பரவாயில்லை, கிளி இருந்தால் பரவாயில்லை என்றார். ஆமை என்றதும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர். சொந்தக்காரர்கள், தோழிகள் என்று அவள் ஏழு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். ஏழு வீட்டிலும் அதே பழமொழி. கடைசியில் எட்டாவதாக அண்ணன் ஞாபகம் வந்திருக்கிறது.

"ரெண்டு மாசம் வெச்சுக்கினா போதும்ணா. எவனும் சேக்க மாட்றான். அதான் உன்னாண்ட வந்தேன்," என்றாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், ஆட்டோ வெயிட்டிங்கில் இருக்கிறது என்றாள்.

ஆமை சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. நம்மூர் ஆமை இல்லை, அதை வீட்டில் வைத்தால் ஜப்தி செய்ய அமீனா வராவிட்டாலும் வனத்துறை வந்துவிடும். இது ஆப்பிரிக்க ஜாதி, இங்கேயே குஞ்சு பொரித்தது, அதற்கென்று தனியாகக் காகிதம் இருந்தது. என்னிடம்கூட அவ்வளவு ஒழுங்கான காகிதம் கிடையாது. கூடவே ஒரு மரப்பெட்டி, பகலுக்கு ஒரு மஞ்சள் பல்பு, ராத்திரிக்கு வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தருகிற இன்னொரு பல்பு, சூட்டையும் ஈரத்தையும் காட்டுகிற ஒரு குட்டி மீட்டர், ஒரு மூட்டை காய்ந்த புல். ஒன்பது வயதாகிவிட்ட என் தங்கை மகள், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு முன்னால் வந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"அங்கிள், பல்புக்குக் கீழ முப்பத்தஞ்சு இருக்கணும். ராத்திரி இருபத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாது. புல்லு காஞ்சே இருக்கணும். ரெண்டு பல்பையும் ஒண்ணா ஆஃப் பண்ணக் கூடாது."

அங்கிள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைக் கூப்பிடும் சொல். என் சொந்தத் தங்கை பெற்ற பெண்ணுக்கு நான் அங்கிள். சுருக்கென்று இருந்தது, மறைப்பானேன். அந்த நிமிடத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இரண்டு மாதம் கழித்து இந்த ஆமையைக் கொழுகொழுவென்று திருப்பிக் கொடுப்பேன், அவள் வாயால் மாமா என்று கூப்பிட வைப்பேன், தங்கையை இந்தப் படி ஏற வைப்பேன். ஆமைக்கு ஏதாவது ஆனால் இந்த ஜென்மத்தில் அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஆட்டோ போனதும் என் மனைவி ஆமையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு, மணலித் தொழிற்சாலைப் பக்கத்துக் காற்று அடித்தால் இரண்டு நாள் நெபுலைசர் மெஷினோடுதான் குடித்தனம் செய்வாள்.

"ஆமை பூந்தா வூடு உருப்படாதாமே," என்றேன்.

"இருவது வருசத்துக்கு முன்ன நீ பூந்த. அதுக்கே ஒண்ணும் ஆவல," என்றுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் பெட்டியைப் பார்த்தேன். பல்பு ஒன்று நேராக ஆமையின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து டிகிரி. நண்டை அந்தப் பல்புக்குக் கீழே வைத்தால் அரை மணி நேரத்தில் தெருவே மூக்கைப் பொத்தும். பாவம், சின்னப் பெண், எங்கேயோ நெட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறது, தொழில் தெரிந்தவன் யாரிடமும் கேட்கவில்லை. நான் இரண்டு பல்பையும் அணைத்தேன். காய்ந்த புல்லை எடுத்து ஓரமாக வைத்தேன். என் நண்டுக் கூடையிலிருந்து நல்ல சாக்காக ஒன்று எடுத்து, நனைத்து, பிழிந்து, ஆமையின் மேல் போர்த்தினேன். பெட்டியும் எனக்குப் பிடிக்கவில்லை. குளிர்ச்சி தங்குவதற்குத் தெர்மாகோல் மாதிரி வராது, அதனால் ஆமையை மீன் பெட்டிக்கு மாற்றினேன். பெட்டியை மழைச்சாரல் லேசாகப் படுகிற பின்பக்க வராந்தாவில் வைத்தேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் தெளித்தேன். ஐஸ் மட்டும்தான் போடவில்லை. போடலாமா என்று ஒரு தடவை யோசித்தேன், இதை எழுதும்போது கை கூசுகிறது.

முதல் இரண்டு நாள் ஆமை பெட்டியைப் பிறாண்டியது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லுமாதிரி கிடந்தது. தொழிலில் அடங்கிக் கிடக்கிற நண்டுதான் நல்ல நண்டு, ஆடுகிற நண்டு சீக்கிரம் போய்விடும். எனக்குத் திருப்தியாக இருந்தது. தங்கைக்கு வாட்ஸ்அப்பில், 'நல்லா தூங்குது' என்று அனுப்பினேன். அவள் ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒரு கட்டைவிரல் என்றால் சும்மாவா என்று அதை என் மனைவியிடம் காட்டினேன்.

எட்டாம் நாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் விசில் சத்தம் கேட்டது. மெல்லிசாக, இழுத்து இழுத்து. எங்கள் வீட்டில் அது புது சத்தம் இல்லை.

"மெஷின் எடுத்து வெச்சுக்கயேன். இழுக்குது பாரு," என்றேன் மனைவியிடம்.

"நான் நல்லாத்தான் கீறேன். உனக்குத்தான் இழுக்குது," என்றாள்.

நான் மூச்சை அடக்கினேன், அவளும் அடக்கினாள். விசில் நிற்கவில்லை. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டே குக்கரைப் பார்த்தோம், டி.வி.யைப் பார்த்தோம், கடைசியில் பின்பக்கம் போய்ச் சாக்கைத் தூக்கினோம். ஆமை கழுத்தை நீளமாக நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் ஒரு குமிழி வந்தது, உடைந்தது, அடுத்த குமிழி வந்தது.

"யோவ், இதுக்கு ஜல்பு புட்ச்சிகினு கீது," என்றாள் என் மனைவி. மூச்சு விஷயத்தில் அவள் சொன்னால் அப்பீல் இல்லை.

தங்கையிடம் சொல்லலாமா என்று ஃபோனை எடுத்தேன், வைத்தேன். நாமே சரிசெய்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று மனது சொன்னது. மனது எப்போதும் இந்த மாதிரி சமயத்தில் சரியாகக் கெட்ட யோசனையைத்தான் சொல்லும்.

எங்கள் பக்கத்தில் சளி என்றால் முதல் மருந்து நண்டு ரசம். மிளகு தூக்கலாகப் போட்டு ஒரு டம்ளர் குடித்தால் மூக்கு, காது, கண் எல்லாம் திறந்துவிடும். நண்டுக்காரன் வீட்டில் நண்டுக்கா பஞ்சம்? வைத்தேன். ஆறவைத்து, ஒரு ஸ்பூனில் எடுத்து ஆமையின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். அது ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்தது. அரை மணி நேரம் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டே குந்தியிருந்தேன்.

"அது கீரை துன்ற ஜாதிய்யா. அதுக்குப் போயி நண்டு குடுக்கறியே," என்று சொல்லி, மீதி ரசத்தை என் மனைவி குடித்துவிட்டாள். அவளுக்கு அன்றைக்கு மூச்சு நன்றாக இருந்தது.

அடுத்து தைலம். தைலத்தை மார்பில் தடவ வேண்டும். ஆமைக்கு மார்பு எங்கே இருக்கிறது என்பதில் எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது. திருப்பிப் பார்த்தால் அடியிலும் ஓடு. மேலே கல், கீழே கல், நடுவில் ஒரு ஜீவன் மாட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டிருக்கிறது. அடி ஓட்டில் தடவினேன். ஓடு பளபளவென்று ஆனது, வேறு மாற்றம் தெரியவில்லை. என் மனைவி என் கையிலிருந்து தைல டப்பாவைப் பிடுங்கி மூடினாள்.

"டாக்டர்ட்ட போலாம். இது செத்துகித்துப் போச்சுன்னா உன் தங்கச்சி மூஞ்சில முழிக்க முடியாது உன்னால," என்றாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாததா.

வேப்பேரிப் பக்கம் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மழையில் ஆட்டோ பிடித்து, ஆமையை ஈரச் சாக்கில் பத்திரமாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். வைத்தியத்துக்குப் போகும்போதுகூட அந்தச் சாக்கை நான் விடவில்லை.

டாக்டர் முதலில் சாக்கை எடுத்து ஒரு மூலையில் போட்டார். பிறகு உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"எந்த டெம்பரேச்சர்ல வச்சிருக்கீங்க?"

"சில்லுனு வெச்சுகினு கீறேன் டாக்டர்."

"ஈரப்பதம்?"

"அதெல்லாம் கவலையே இல்ல. ஒரு நாளைக்கு மூணு தபா தெளிக்கிறேன். சாக்கு காயவே வுட மாட்டேன்."

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஆமையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது நண்டு இல்லைங்க," என்றார். "நண்டு செவுள்ல மூச்சு விடுது, அதுக்கு ஈரம் வேணும். இதுக்கு நம்மள மாதிரி நுரையீரல். இதுக்குன்னு சொந்தமா உடம்புச் சூடும் கிடையாது, வெளியில சூடு இருந்தாத்தான் உள்ள எல்லாம் வேலை செய்யும். சூட்டோட கொஞ்சம் ஈரம்னா தாங்கிக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். நமக்குச் சளி பிடிச்சா இருமித் துப்பறோம். ஆமைக்கு அப்படி இரும வராது. உள்ள சேர்ந்தது உள்ளயே இருக்கும்."

இரும முடியாத ஒரு பிராணியை எட்டு நாள் நனைத்து வைத்திருக்கிறேன். இருமியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. ஏற்கெனவே தடவிய தைலத்தைப் பற்றி டாக்டர் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ரசத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

முன்காலில் ஊசி போட்டார். மூன்று நாளுக்கு ஒரு தடவை வர வேண்டும் என்றார். பெட்டியைக் காயவைத்து, பல்பைப் போட்டு, ராத்திரியும் பகலும் சூடு குறையாமல் பார்க்க வேண்டும். தினம் பத்து நிமிடம் நெபுலைசர் வைக்க வேண்டும். "உங்ககிட்ட மெஷின் இருக்காது, வாடகைக்கு..." என்று ஆரம்பித்தார். இருக்கிறது என்றேன். கடைசியாக, காகிதம் யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். முதலில் வெளியில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்பதுபோலப் பார்த்தார்.

கிளினிக் வாசலில் நின்று ஐந்து வருடத்தில் முதல் தடவையாகத் தங்கைக்கு ஃபோன் போட்டேன். ஈரச் சாக்கு, மீன் பெட்டி, குமிழி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"செத்துடுமாண்ணா?" என்று கேட்டாள்.

"சாவ வுட மாட்டேன்," என்றேன். அதை நான் எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

நானும் ஆமையும் வீடு போய்ச் சேர்ந்த கையோடு அவளும் மகளும் வந்துவிட்டார்கள். வந்தவள் படியைத் தாண்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே போய், ஆமையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, என்னை ஒரு பாட்டம் திட்டினாள். நண்டில் ஆரம்பித்து, காது குத்து வழியாகப் போய், சின்ன வயதில் நான் அவள் சைக்கிளைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்தது வரை போனாள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அவள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஆஸ்பத்திரி ஆனது. காலையில் என் மனைவிக்கு நெபுலைசர், சாயங்காலம் ஆமைக்கு. மெஷின் ஒன்று, மருந்துக் கப்பும் குழாயும் வேறு வேறு. ஆமையினுடையதில் என் மனைவி சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருந்தாள், மாறிப்போனால் என்னைத்தான் கேட்பாள். ஆமையை ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்து, மேலே போர்வையை மூடி, குழாயை உள்ளே விட்டால் புகைமூட்டத்துக்கு நடுவில் அது தலையை நீட்டிப் பார்க்கும். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக இழு, அவசரப்படாதே என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு மூச்சு முட்டியிருந்தால் அவ்வளவு பரிவு கிடைத்திருக்காது.

நான் மீட்டருக்கு அடிமை ஆகிவிட்டேன். இருபத்தெட்டு என்றால் நிம்மதி, இருபத்தாறு என்றால் படபடப்பு. ஏலக் கூடத்தில் நிற்கும்போதே வீட்டுக்கு ஃபோன் போட்டு, எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பேன். பக்கத்துக் கடைக்காரன் நான் ஏதோ பெரிய வியாபாரம் பேசுகிறேன் என்று நினைத்து, இருபத்தெட்டுக்கு எங்களுக்கும் கொடு என்றான். மழையில் கரண்ட் போன அன்றைக்கு, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டியைச் சுற்றி அடுக்கினேன். இத்தனை வருடம் சூடு ஆகக் கூடாதே என்று ஓடினவன், சூடு போகக் கூடாதே என்று ஓடினேன்.

தங்கை முதல் வாரம் தினமும் வந்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தாள். வந்தால் மகள் பெட்டிப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்துவிடுவாள், தங்கை சமையலறையில் என் மனைவியோடு உட்கார்ந்துவிடுவாள். நான் நண்டு சுத்தம் செய்து கொடுப்பேன், தொக்கு வைப்பார்கள், சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குக் கிளம்புவார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பெட்டிக்குள் செம்பருத்திப் பூ ஒன்றைப் போட்டோம். ஆமை கழுத்தை நீட்டி அதைக் கடித்தது. சாப்பாட்டைத் தொடாத பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதல் கடி. பெண் நோட்டில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "மாமா, இன்னொரு பூ இருக்கா?" என்றாள். நான் பூப் பறிக்கிற சாக்கில் தோட்டத்துக்குப் போய்ச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பறித்துக்கொண்டு வந்த பூக்களில் பாதி இன்னும் மலராத மொட்டு.

பொங்கல் வந்தது. ஆமைக்கு விசில் நின்றது, குமிழி நின்றது, உடம்பும் கொழுத்தது. வராந்தாவில் விட்டால் வாசல் வரை போய் என் செருப்பை முட்டித் தள்ளும். அந்த வாரம் தங்கை சொன்னாள், ஃபிளாட்டில் வேலை முடிந்துவிட்டதாம், பெயிண்ட் வாசனை போனதும் குடிபோகிறார்களாம். "ஆமைக்கு சரியாயிடுச்சுன்னா இட்டுகினு போயிடறோம்ணா. உனக்கும் எத்தினி நாளு தொந்தரவு," என்றாள்.

என் தலையில் இடி விழுந்தது. ஆமை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எதற்கு வரப்போகிறார்கள்? ஐந்து வருடம் வராதவர்கள் ஆமைக்காக வந்தார்கள். ஆமைக்காக வந்தவர்கள் ஆமையோடு போவார்கள். இந்தக் கணக்கு எனக்கு ராத்திரி பகல் மண்டையைக் குடைந்தது.

அடுத்த தடவை தங்கை கேட்டபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இன்னும் லைட்டா மூக்கு ஒழுவுது பாப்பா. அவசரப்படாத."

அந்தப் பொய்யைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் வருகிற நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால், கண் மருந்து ஊற்றுகிற குழாயால் ஆமையின் மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பேன். ஆமை என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, ஈரச் சாக்கு போர்த்தினபோதுகூட அது அப்படிப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் ஓட்டில் காதை வைத்துக் கேட்டபோது, பின்னால் நின்றுகொண்டு நான் மூக்கால் விசில் அடித்தேன். "மாமா, சத்தம் வெளிய இருந்து வருது," என்றாள். வெளியில் காற்று என்றேன். என் மனைவி மெஷினை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நோட்டில் மட்டும் 'மூக்கு ஈரம்' என்று மூன்று வாரம் ஏறிவிட்டது.

மூன்று வாரம் ஆகியும் ஒழுகுகிறதே என்று தங்கைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஆமையோடு போனோம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை ஓட்டில் வைத்துப் பார்த்தார், நோட்டை வாங்கிப் படித்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"ஓட்டுக்கு மேல வச்சுக் கேட்டா தெளிவாத் தெரியாது. வீட்டுல பாக்கறவங்க சொல்றத வச்சுத்தான் நாங்க முடிவு பண்றது," என்றார். "எடை நல்லா ஏறியிருக்கு. ஆனா மூணு வாரமா ஒழுகுதுன்னா உள்ள இன்னும் விடலைன்னு அர்த்தம். இது கொஞ்சம் ஸ்ட்ராங்கான ஊசி, சிறுநீரகத்துக்கு அவ்வளவு நல்லதில்ல. வேற வழி இல்ல, பத்து ஊசி போட்டுப் பாப்போம்."

மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டார். என் தங்கை மகள் ஆமையின் முன்காலை மெல்ல வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கால் ஏற்கெனவே என்னால் எத்தனை ஊசி வாங்கியது. ஆமை காலை உள்ளே இழுக்கப் பார்த்தது.

"டாக்டர், போடாதீங்க," என்றேன். "அதுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீது. அந்தத் தண்ணி நான் வெச்சது."

டாக்டர் ஊசியை ட்ரேயில் வைத்தார். தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாத்துக்குண்ணா?"

"இது போயிடுச்சுன்னா நீ வரமாட்டியே."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஐம்பத்துமூன்று வயதில், ஓர் ஆமைக்கு முன்னால், டாக்டரம்மாவுக்கு முன்னால் என் குரல் உடைந்துபோனது. டாக்டர் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்தார். பெண் நோட்டை விரித்து, 'மூக்கு ஈரம்' என்று எழுதியிருந்த மூன்று வரிகளையும் ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அடித்தாள். பிறகு ஆமையைத் தூக்கிக்கொண்டாள்.

தங்கை என் வீட்டுக்கு வந்து பெட்டி, பல்பு, மீட்டர், புல் மூட்டை எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினாள். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள், குடித்தாள். வரேன் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெரியவன் என்றும் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனாள். அவள் மேல் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? குழந்தையின் ஆமைக்குத் தேவையில்லாமல் பத்து ஊசி வாங்கிக்கொடுக்கப் பார்த்தவன் நான்.

அந்த வாரம் முழுக்க ஃபோனும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஏலத்தில் நிற்கும்போது பழக்கதோஷத்தில் வீட்டுக்கு ஃபோன் போட்டு, எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். என் மனைவி ஃபோனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு நான் நண்டு எடுத்து வரவில்லை, யாருக்கு எடுத்து வருவது. பதினொரு மணி ஆனது, பன்னிரண்டும் ஆனது. டி.வி.யைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தெருவில் ஆட்டோ வந்தால் கேட்க வேண்டும் என்று. இரண்டு ஆட்டோ வந்தன, இரண்டும் எதிர்வீட்டுக்குப் போயின. சரி, விட்ட குறை தொட்ட குறை இவ்வளவுதான் என்று டி.வி.க்கு முன்னாலேயே தரையில் படுத்துவிட்டேன். ஒன்றரை மணிக்கு ஃபோன் அடித்தது. தங்கைதான்.

"இன்னாண்ணா, இன்னும் வூட்லயே குந்திகினு கீறியா?" என்று கத்தினாள். "இங்க சோறு ஆறிகினு கீது. உன்ன வுட்டுட்டு துன்ன மாட்டேன்னு இவ ஒக்காந்துகினு கீறா. ஒவ்வொரு தபாவும் நாங்களேதான் வரணுமா?"

வருகிறேன் என்று சொன்னேனா, சொல்லவில்லையா என்று ஞாபகம் இல்லை. சட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினேன். என் மனைவி காலையிலிருந்தே நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.